அக்காவிடம் வாங்கிய கைநாட்டு

திருவதிகைப் பக்கம் செம்மண் மேட்டில் எங்களுக்கு 96 சென்ட் முந்திரித்தோப்பு இருக்கிறது. அப்பா பெயருக்கு வந்த நிபந்தனைப் பட்டா. சேரிக்கு வெளியே எங்களுக்கென்று இருக்கிற ஒரே மண். அம்மாவும் அப்பாவும் போனபிறகு, தம்பிகள் நாங்கள் மூன்று பேரும் அக்காவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினோம். ஒரு பட்டுப்புடவை, பத்தாயிரம் ரூபாய், வரும் வழியில் ஓட்டலில் சாப்பாடு. அன்று சாயங்காலமே பஞ்சமி நில மீட்புக் கூட்டத்தில் மைக் பிடித்தோம்.

என்ன பேசினோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, 1892இல் வந்த அரசாணை, பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை, 1994இல் காரணையில் நில மீட்புக்காகச் சுடப்பட்டுச் செத்த ஜான் தாமஸ், ஏழுமலை. எழுதப் படிக்கத் தெரியாத நம் தாத்தாக்களிடம் கைநாட்டு வாங்கிப் பறித்துக்கொண்டார்கள் என்று முழங்கினோம். கைநாட்டு என்ற சொல் வாயில் வந்தபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை.

எங்களிடம் ஒரு சட்டக் காரணமும் இருந்தது. தமிழ்நாட்டில் 1989 சட்டம்தான் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கு உரிமை கொடுத்தது, அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களை அது சேர்க்கவில்லை, அக்கா கல்யாணம் 1987. பத்திரம் எழுதியவரும் தலையாட்டினார். தப்பு. அந்த விலக்கு கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்துக்கு மட்டும்தான். அதையும் 2005 மத்தியச் சட்டத் திருத்தமும் 2020இல் வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பும் இல்லாமல் ஆக்கிவிட்டன. அப்பா பெயருக்கே நேராக வந்த நிலம் அவருடைய தனிச்சொத்து. அதில் 1956இலிருந்தே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கிறிஸ்தவராக இருக்கிற நம் குடும்பங்களுக்கு 1925 வாரிசுரிமைச் சட்டம். அதிலும் மகன், மகள் என்ற பேதம் இல்லை. இந்து சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதற்காக 1951இல் மந்திரி பதவியை விட்டு வந்தவர் அம்பேத்கர். அவர் படம் எங்கள் வீட்டு நடையில் மாட்டியிருக்கிறது.

அப்பரைத் திருத்தி ஆளாக்கிய திலகவதியாரின் ஊர் என்று திருவதிகைக்குப் பெருமை உண்டு. தாய் தகப்பன் போனபிறகு தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தவர். பதிலுக்கு எதுவும் கேட்டதாகக் கதையில் இல்லை. அக்கா என்றால் கேட்கமாட்டாள் என்று எங்கள் ஊர் ஆண்களுக்கு அதனால்தானோ என்னவோ ஒரு நம்பிக்கை.

அக்காவை விலக்கியபிறகு நாங்கள் ஒற்றுமையாகவா இருந்தோம்? கூட்டுப் பட்டா, உட்பிரிவு செய்யவில்லை, எந்த மரம் யாருக்கு என்று வருசா வருசம் சண்டை. கடன் நெருக்கியதும் எங்களில் இளையவன் ஊர்க்காரர் ஒருவருக்குப் பவர் எழுதிக்கொடுக்கத் தயாரானான். விற்பனை செல்லாது, அரசு நிலத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். ஒரு வாரிசு தன் பங்கை விற்பதானால் கூட இருக்கிற வாரிசுகளுக்கே முதல் உரிமை, அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னோம். “பணம் வச்சிருக்கியா?” என்றான். எங்களிடம் இல்லை.

செய்தி கேட்டு அக்கா வந்தது. கடனில் பாதியை மகளிர் குழுவில் எடுத்துத் தருவதாகச் சொன்னது. “அந்தக் கன்னுக்கெல்லாம் கொடம் கொடமா தண்ணி ஊத்தனது யாருடா? எனக்குப் பணம் வேணாம். பட்டாவுல எம் பேரு இருக்கட்டும். நான் இருந்தா எவனும் வாங்க வரமாட்டான்.”

ஆளுக்கு 32 சென்ட் என்று எடுத்துக்கொண்டோம். ஆளுக்கு எட்டு சென்ட் அக்காவுக்குத் தான செட்டில்மென்ட் எழுதினால் நாலு பேருக்கும் 24. நாங்கள் இரண்டு பேர் எழுதிப் பதிந்துவிட்டோம். இளையவன் கொட்டை பொறுக்கி முடியட்டும் என்கிறான். அக்கா அவன் வீட்டுத் திண்ணையில்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறது.