பேர் மாத்துற வேலை

பீளமேட்டில் கீழே லேத் பட்டறை, மேலே நான்கு மேசை. படியேறும் வரைக்கும் இரும்பு கடைகிற சத்தம். கதவைச் சாத்தினால் கீபோர்டு தட்டுகிற சத்தம். 2019 ஜூலையில் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். கேலரியிலிருந்தோ கேமராவிலிருந்தோ படம் எடுத்துக் கொடுக்கும் ஓர் ஆண்ட்ராய்டு லைப்ரரியை அவர்கள் பராமரிக்கிறார்கள். ஆப் செய்கிறவர்கள் அதை வாங்கித் தங்கள் ஆப்புக்குள் வைத்துக்கொள்வார்கள். போன் வைத்திருப்பவருக்கு அப்படியொன்று உள்ளே இருப்பதே தெரியாது.

என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன்.

"பேர் மாத்துறோமுங்க சார்" என்றார் பொறுப்பில் இருந்த அக்கா. "வெறும் பேருதான். அதுக்கே ரெண்டு வாரமா பேசிட்டிருக்கோம்."

பழைய போன்களிலும் புது வசதிகள் ஓடட்டும் என்று கூகுள் 2011-இல் சப்போர்ட் லைப்ரரியைக் கொடுத்தது. ஆண்ட்ராய்டு 1.6-இன் ஏபிஐ எண் 4. அதுவரைக்கும் ஓடும் என்பதால் பேக்கேஜ் பெயரிலேயே 'வி4' ஒட்டிக்கொண்டது. பின்னால் 'வி7' வந்தது. வருஷம் போகப் போக, ஆண்ட்ராய்டு 4.0-க்குக் கீழே இருந்த போன்களை அது கைவிட்டுவிட்டது. ஆனால் பெயரில் அந்த 4 அப்படியே நின்றது. மரத்தை வெட்டி இருபது வருஷமாகியும் கண்டக்டர் 'புளியமரம் ஸ்டாப்' என்று கூவுவாரே, அப்படி. 2018-இல் அந்த லைப்ரரிக் குடும்பம் முழுவதையும் ஆண்ட்ராய்டு எக்ஸ் என்ற புதுப் பெயருக்குக் கொண்டுபோனார்கள். பழையதன் கடைசிப் பதிப்பு 28.0.0, புதியதன் முதல் பதிப்பு 1.0.0, சரக்கு ஒன்றுதான். பொய்யாகிப்போன பெயரைத் திருத்தியது எனக்குப் பிடித்திருந்தது, சொன்னேன்.

"நல்ல காரியந்தானுங்க. செலவுதான் நம்முளுது."

தங்கள் லைப்ரரிக்குள் இருக்கும் அந்தப் பழைய பெயர்களை மாற்றுவது இவர்கள் தள்ளிப்போட்டே வந்த வேலை. ஜூன் 17-இல் கூகுளின் பிளே சர்வீசஸும் ஃபயர்பேஸும் புதுப் பெயருக்கு மாறிவிட்ட பிறகு தள்ள வழியில்லை. ஒரே ஆப்புக்குள் பழசும் புதுசும் கலந்தால், ஆப்பின் விவரங்களை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைல்களை ஒன்றாக்குகிற இடத்திலேயே பில்ட் முட்டி நிற்கும். நடுவில் ஜெட்டிஃபையர் என்று ஒரு பாலம் உண்டு. பழைய லைப்ரரியை ஆப்போடு சேர்க்கும்போது, ஏற்கெனவே கம்பைல் ஆன கோடுக்குள் புகுந்து பெயர்களை மாற்றி எழுதிவிடும். அதை நம்பிச் சும்மா இருக்கலாமே என்றேன்.

"இருக்கலாமுங்க. எங்க சோம்பலுக்கு ஊர்ல இருக்கறவங்க எல்லாம் அவங்க பில்ட் நேரத்தைக் குடுக்கோணும்."

முதல் நாள் காலை பெயரைத் தொடவே இல்லை. பழைய வரிசையிலேயே 28.0.0 வரை ஏற்றி, டெஸ்ட் எல்லாம் ஓட்டி, கமிட் போட்டார்கள். அதன் பிறகுதான் பெயர். அந்தக் கமிட்டில் வேறு எதுவும் கலக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. கீபோர்டில் உட்கார்ந்திருந்த தம்பி, கண்ணில் பட்ட ஓர் எழுத்துப்பிழையைப் போகிற போக்கில் சரிசெய்தார்.

"அதை எடுத்துரு கண்ணு. நாளைக்கு எதாச்சும் உடைஞ்சா பேரால உடைஞ்சுதா, உன் கையால உடைஞ்சுதான்னு தெரியோணும்."

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மெனுவில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. பில்ட் பச்சை காட்டியது. சாம்பிள் ஆப்பைப் போனில் ஏற்றி ஐகானைத் தொட்டார் தம்பி. திரை ஒன்றுகூட வராமல் மூடிக்கொண்டது. மறுபடி தொட்டார், மறுபடி மூடிக்கொண்டது.

"மேனிஃபெஸ்ட்டைத் திற" என்றார் அக்கா, லாகைப் பார்க்காமலே.

கேமரா ஆப்புக்கு 'படத்தை இங்கே வை' என்று இடம் காட்டுவது ஃபைல் புரொவைடர். மேனிஃபெஸ்ட்டில் அதன் முழுப் பெயர் மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாக நின்றது: 'ஆண்ட்ராய்டு.சப்போர்ட்.வி4' என்று தொடங்கும் அதே பழைய பெயர். கம்பைலர் அந்த வரியை வகுப்பின் பெயராக எடுத்துச் சரிபார்ப்பதில்லை. போனோ ஆப்பைத் திறந்ததும் எந்தத் திரைக்கும் முன்னால் புரொவைடர்களைத்தான் எழுப்பும். கூப்பிட்ட பெயரில் ஆள் இல்லை. ஒரு வரி மாற்றியதும் ஆப் திறந்தது. தம்பி மூச்சு விட்டார். அக்கா விடவில்லை.

மறுநாள் பாதி, மேற்கோள் குறிக்குள் ஒளிந்திருக்கும் பெயர்களைத் தேடுவதில் போயிற்று. கோடைச் சுருக்கும் புரோகார்டு விதிகளில் ஒன்று. ரிஃப்ளெக்ஷனில் ஒன்று. போனைப் படுக்கையாகத் திருப்பினால் மட்டும் எழும் லேஅவுட்டில் ரீசைக்ளர்வியூவின் பழைய பெயர். திருப்பாதவரை ஒன்றும் நடக்காது, திருப்பியதும் கிராஷ். இந்த லேஅவுட்டை எழுதியவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருஷமாம். போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அலுப்பான வேலை. கீழே லேத்காரர் வெர்னியரை வைத்து வைத்து எடுப்பது ஞாபகம் வந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பதிப்பு எண் பற்றிப் பேச்சு. 2.6 என்று வெளியிட்டால் என்ன என்றார் தம்பி. புது வசதி ஒன்றும் இல்லையே.

"நம்ம ஃபங்ஷன் ஃபிராக்மென்ட்டைக் கையில வாங்குது. அவங்க ஆப்ல பழைய ஃபிராக்மென்ட். நாம கேக்கறது புதுசு. சின்ன அப்டேட்டுன்னு ஏத்துவாங்க, பில்ட் நின்னுரும். நம்மளைத்தான் திட்டுவாங்க."

3.0.0 என்று முடிவாயிற்று. வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே, ஆண்ட்ராய்டு எக்ஸுக்கு மாறாதவர்கள் 2.5-இலேயே இருங்கள் என்று அக்கா எழுதினார். புது வசதிகள் என்ற தலைப்புக்குக் கீழே 'இல்லை'.

வெளியிட்டபோது சாயங்காலம் ஆறரை; கீழே லேத் ஓய்ந்திருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அக்காவின் திரையில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவரின் நிறுவனத்தில் மாறுவதற்குத் தீபாவளி ஆகிவிடுமாம். சில போன்களில் படம் திரும்பி விழுகிற கோளாறை 2.5-இலேயே சரிசெய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

அக்கா பழைய பிராஞ்சுக்கு மாறினார். திரை முழுக்க வி4, வி7. "உட்காருங்க சார், டீ சொல்றேன்" என்றபடி கோளாறு இருக்கும் ஃபைலைத் திறந்தார்.