நகம் பார்க்கும் பினிஷிங்

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளைச் சாய்க்கும். மாமாவின் லேத் பட்டறைக்கு அந்தக் காற்றுதான் பெரிய எதிரி. மண் பறந்து லேத் பெட்டில் படிந்தால் சேடில் நகரும் தடம் தேய்ந்துவிடும். தகரக் கதவில் ஒரு பாதியைச் சாத்திய பிறகே வேலையைத் தொடங்குவார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். எண்ணெய்த் துணியால் பெட்டைத் துடைப்பது என் பொறுப்பு.

பக்கத்து நூற்பாலைகளிலிருந்து சாஃப்ட்டுகள் வரும். கடைசல் முடிந்து மோட்டார் நின்றதும் மாமா கட்டைவிரல் நகத்தைச் சாஃப்ட்டின் நீளவாக்கில் இழுப்பார். கரகரத்தால் முகம் மாறிவிடும். "எமரி போட்டா பளபளக்கும் மக்கா. உள்ள கெடக்க வரி போவாது, கேட்டியா?" டூல் விட்ட அந்த வரிகள் ஆயில் சீலின் உதட்டைத் தின்னும்; அப்புறம் எண்ணெய் கசியும்.

டூல் வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தள்ளி இறுக்குவார். நீண்ட டூல் அதிரும், அதிர்வு சாஃப்ட்டில் அலையலையாய்ப் பதியும். முனை சென்டர் உயரத்துக்கு நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கிரைண்டரில் தீட்டிய டூலை அப்படியே மாட்டமாட்டார். ஆயில் ஸ்டோனில் பொறுமையாக உரசிக் கீறல்களைப் போக்கி, முனைக்குச் சின்னதாய் ஒரு வளைவு கொடுப்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

மைல்ட் ஸ்டீல்தான் அவரைச் சோதிக்கும். டூல் முனையில் இரும்பு அப்பிக்கொண்டு பரப்பைப் பிய்த்துவிடும். கல்லில் மறுபடி தீட்டி, கூலண்டைத் தாராளமாக விட்டு, கடைசி கட்டுக்கு ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, குறைப்பார்.

பின்னாளில் பாலிடெக்னிக்கில் அந்த வரிகளின் கணக்கைப் படித்தேன். ஒரு சுற்றுக்கான ஃபீடின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரியின் ஆழம் ஏறத்தாழ வந்துவிடும். ஆரம் 0.4 மி.மீ., ஃபீட் 0.2 மி.மீ. என்றால் 12.5 மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் மூன்று மைக்ரான் சொச்சம். பாதியாகக் குறைத்ததற்கு வரி கால்பங்காகிவிட்டது. ஆரத்தைக் கூட்டினாலும் வரி குறையும், ஆனால் மிஞ்சினால் டூல் அதிரத் தொடங்கும். எட்டாம் வகுப்போடு நின்ற மாமா இந்த எல்லையைச் சத்தத்திலேயே பிடித்தார். எந்தப் பாடத்தையும்விட அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

லேத்தில் புதிதாய் நிற்கும் பிள்ளைகளே, ஓடும் சாஃப்ட்டில் எமரித் தாளைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரல் போய்விடும். பரப்பு கரகரத்தால் மெஷினை நிறுத்தி, முதலில் டூல் முனையைப் பாருங்கள்.