மடல் நண்பர் கூடிய பூலோன் நகரம்

பிரான்சு தேசத்தின் வடகரையிலே, ஆங்கிலக் கால்வாயை நோக்கி அமைந்த மீன்பிடித் துறைமுகம் பூலோன். மேட்டின்மேலே பழைய மதில் சூழ்ந்த நகரமும் மாதாகோயிலின் உயர்ந்த கவிமாடமும் உள. ஆயின் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கே திரண்டோர் இவற்றைக் காண வந்தவரல்லர்.

வார்சோ நகரக் கண் வைத்தியர் சாமன்ஹோவ் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ மொழியைக் கற்றோர், 18 ஆண்டுகளாகப் பெரும்பாலும் கடிதங்களாலும் சஞ்சிகைகளாலுமே பழகினர். ஒருவர் எழுத்தை மற்றவர் அறிவார், குரலை அறியார். ஏட்டிலே விளங்கும் மொழி, பல தேசத்தார் நாவிலே பலவாறு திரிந்துவிடுமோ என்னும் ஐயம் எஞ்சி நின்றது. நேரிற் கூடிப் பேசினாலன்றி அவ்வையம் தீராது.

உள்ளூர் வழக்கறிஞர் மிஷோ அப்பொறுப்பை ஏற்றார். 20 நாடுகளிலிருந்து 688 பேர் வந்தனர். நகர நாடகசாலையிலே சாமன்ஹோவ் உரையாற்றினார். பல நாட்டவர் சேர்ந்து மொலியேரின் நாடகமொன்றை நடித்தனர். மொழிபெயர்ப்பாளரின்றியே அவையோர்க்கு யாவும் விளங்கின.

உலகப் போர்களாலும் 2020இன் கொள்ளைநோயாலும் இடையிடையே தடைப்பட்டும், அம்மாநாடு நகரந்தோறும் மாறி இன்றும் கூடிவருகிறது. தொலைவிலே வளர்ந்த நட்புக்கும் ஒருநாள் ஒரு முற்றம் வேண்டும். அதனைத் தேடிக் கொடுக்க ஒருவர் முன்வரவும் வேண்டும்.