இனிஷியலும் இரவு ஒன்பதரை மணியும்

'உங்களுக்கு வசதியான நேரத்தில், உங்கள் வேகத்தில் படிக்கலாம்.' இணையவழிப் படிப்பு எதுவானாலும் முதலில் கொடுக்கும் வாக்குறுதி இதுதான். வசதியான நேரம் என்று ஒன்று அந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நூலகப் பணியாளர்கள் கணினிக் கருவிகளைத் தாங்களே கற்றுக்கொள்ளும் வழக்கத்துக்குப் பெயர்பெற்ற ஒரு தொடக்கம் உண்டு. 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் ப்ளோவர்ஸ் என்ற பெண் இருபத்து மூன்று சிறு பயிற்சிகளை வகுத்தார். வலைப்பூ தொடங்குவது, படங்களைப் பகிர்வது, விக்கியில் எழுதுவது போன்றவை. வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை. செய்து பார்க்க வேண்டும், செய்ததைத் தன் வலைப்பூவில் எழுத வேண்டும். எல்லாவற்றையும் முடித்தவர்களுக்கு நூலகமே ஓர் எம்பி3 பிளேயரைப் பரிசாகக் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் திறந்துவிட்டதால் பல நாடுகளில் அதைப் பின்பற்றினார்கள். எனக்கு அதில் பிடித்தது பரிசு இல்லை. கற்பது பணியாளரின் சொந்தப் பாடு என்று விட்டுவிடாமல், நிறுவனமே அதைத் தன் காரியமாக எடுத்துக்கொண்டதுதான்.

நம்மிடமும் முன்னுதாரணம் இருக்கிறது. சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி, எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் பிறந்த ஊர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனபோது அவர் கணக்கு ஆசிரியர், நூலகவியல் படித்தவரல்ல. பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. இந்திய நூலகவியலின் தந்தைக்கே கப்பலும் காலமும் கொடுக்க வேண்டியிருந்தது என்று என் மாணவிகளிடம் சொல்வேன்.

கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி நூலக உதவியாளருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு பழைய கணினியும் 'எப்படியாவது கோகாவைப் போட்டுடுங்க' என்ற உத்தரவும். தொகுப்பூதியம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வி வழியாக நூலகவியல் பட்டம் வாங்கியவர். தபாலில் வந்த பாடப் புத்தகங்களை அடுப்படியில் வைத்துப் படித்ததாகச் சொல்வார். அதனால் தானே படிப்பது அவருக்குப் புதிதில்லை. புதிது, பார்த்துப் படிக்க அச்சுப் புத்தகம் இல்லாதது.

கோகா நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற பகுதியின் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மென்பொருள். இலவசம், மாவோரி மொழியில் கோகா என்றாலே கொடை. இலவசம் என்பதால் அதைக் கற்கும் உழைப்பும் இலவசம் என்று நிர்வாகங்கள் நினைத்துக்கொள்கின்றன. கேரளத்து நூலகர்கள் படிப்படியாக எழுதிவைத்த ஆங்கிலக் குறிப்புகளும் யூடியூப் காணொளிகளும்தான் அவருக்கு ஆசிரியர்கள். பாத்திரம் கழுவி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, மகளின் வீட்டுப்பாடம் முடிந்த பிறகு ஒன்பதரை மணிக்கு வகுப்பு தொடங்கும். ஒலியைக் குறைத்து வைத்துப் பார்ப்பாராம், கணவர் தூக்கம் கெடக்கூடாதே. "பாதிய உதட்டப் பாத்துதான் மேடம் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார். காலையில் கல்லூரிக்கு வந்து செய்து பார்ப்பார்.

முதல் தலைவலி எழுத்துரு. பழைய தமிழ் நூற்பட்டியல் முழுக்க பாமினியில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது, அலமாரிப் பட்டியல் ஏற்கவில்லை. மாற்றியைக் கண்டுபிடித்து, மாற்றி, மாறும்போது உடைந்த கொம்புகளையும் கால்களையும் கையால் ஒட்டினார். ஒற்றெழுத்தைப் பற்றி வகுப்பில் நான் பேசுவதைவிட அவர் அதிகம் சிந்தித்திருப்பார்.

இரண்டாவது தலைவலிதான் எங்களை நெருக்கமாக்கியது. கோகா பின்பற்றும் மார்க் முறை, ஆசிரியர் பெயரில் குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல் உண்டு, அதுவும் பெண்ணுக்குத் திருமணத்தில் மாறக்கூடியது. வை.மு.கோதைநாயகி அம்மாளின் 'வை.மு.' கணவர் வீட்டுடையது. பள்ளிக்குப் போகாமல், முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்தவர், பிறகு தானே எழுதக் கற்று நாவல்களாக எழுதிக் குவித்தவர், பட்டியலில் புகுந்தவீட்டு எழுத்துகளோடுதான் நிற்கிறார். அம்பையின் கதைகள் ஓரிடத்தில் இருக்கும். தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி அவரே சி.எஸ்.லக்ஷ்மி என்ற பெயரில் 1984இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல் வேறோர் இடத்தில் இருக்கும். தேடும் மாணவிக்கு இரண்டு பெண்கள். (மனைவி பெயரில் எழுதிய சுஜாதாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரங்கராஜனைத் தேடி யாரும் வருவதில்லை.)

இதற்கு 'அத்தாரிட்டி' என்ற தனிப் பதிவு இருக்கிறது. ஒருவரின் எல்லாப் பெயர்களையும் அதில் முடிச்சுப் போடலாம் என்று ஓர் இரவில் கண்டுபிடித்துவிட்டு, மறுநாள் என் துறைக்கே வந்துவிட்டார். தமிழ்ப் பெண் எழுத்தாளர்களின் பட்டியலைக் கையில் வைத்திருந்தார். மூன்று மதிய இடைவேளைகள் உட்கார்ந்தோம். யாருடையது புனைபெயர், யாருடையது கணவர் பெயர் என்று நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். என் முறை வந்தது. ஆய்வேட்டில் அப்பாவின் இனிஷியல், முதல் கவிதைத் தொகுப்பில் கணவருடையது, இரண்டாவதில் எதுவுமில்லை.

"மூணும் நீங்கதான்னு எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. எது மேடம் உங்க பேரு?"

எதுவுமில்லாததைத் தலைப்பில் வைத்து, மற்ற இரண்டையும் அதற்குக் கீழே சேர்க்கச் சொன்னேன்.

அடுத்து மதிப்பீட்டுக் குழு வந்தது. திரையில் ஓடிய விளக்கப்படத்தில் ஒரு வரி: 'நூலகம் கணினிமயமாக்கப்பட்டது.' செயப்பாட்டுவினை எழுவாயை எப்படி விழுங்கும் என்று இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை. கைதட்டினார்கள். அவர் பின்வரிசையில் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆனால் கோகாவில் ஒரு குறிப்பேடு உண்டு. எந்தப் பதிவை யார், எந்த நாளில், எத்தனை மணிக்குத் திருத்தினார் என்று அது எழுதிவைக்கும். அதைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக ஒரே பயனர் எண். நிறைய வரிகளில் மாலை ஐந்தரை, ஆறு, சனிக்கிழமைகள். வீட்டில் ஒன்பதரைக்குப் படித்ததற்கு மட்டும் எங்கும் பதிவில்லை.

குறிப்பேட்டில் சில பக்கங்களை அச்செடுத்து இணைத்து, வாரத்தில் மூன்று மணி நேரம் பணி நேரத்திலேயே கற்க அனுமதி, ஊதிய மறுபரிசீலனை என்று இரண்டு கோரிக்கைகளோடு ஒரு கடிதம் எழுதினோம். செய்வினையில் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்ற டிஸ்பேஸ் வேண்டும் என்ற உத்தரவு அதற்குள் வந்துவிட்டது. இந்த முறை, நேரம் எப்போது என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்.