டீசல் தொட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, தொண்டிக் கரையிலிருந்து எங்கள் விசைப்படகு புறப்படவிருந்த வேளையில் டீசல் தொட்டி கசிந்தது. வெளிப்பூச்சு மங்கவில்லை, துரு உள்ளிருந்தே தின்றிருந்தது. பாதி டீசலோடு படகை நிறுத்தியது எங்கள் பிழை. மீதியிடத்துக் காற்றின் ஈரம் நீராகி, டீசலைவிடக் கனமானதால் அடியில் தேங்கி, இரும்பை அரித்துவிட்டது.

"ஓர் ஒட்டுப் போடுங்கள் காக்கா, இந்தப் பருவம் ஓடட்டும்" என்றோம். செலவுக்கு அஞ்சிய பேச்சு அது.

பற்றவைக்க வந்த பெரியவர் அடித்தகட்டைத் தட்டிக் கேட்டார். "டீசலை வடித்தாலும் ஆவி உள்ளே நிற்கும் தம்பி, நெருப்புப் பட்டால் வெடிக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிப் பற்றவைக்கலாம். ஆனால் தகடு முழுதும் மெலிந்துவிட்டதே! ஒட்டுக்குப் பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும், அதுவும் நடுக்கடலில் விழும்" என்றார்.

படகில் செல்லும் ஐவரின் வீடுகள் எங்கள் கண்முன் வந்து நின்றன. கடன் வாங்கி, வேறு பட்டறையில் புதுத் தொட்டி செய்வித்தோம். அடியில் நீர் வடிக்க ஒரு திருகும் வைத்தோம்.

வாரந்தோறும் அத்திருகைத் திறக்கும்போதெல்லாம், அப்பெரியவர் வேண்டாமென்று விட்டுச்சென்ற கூலியே எங்கள் நினைவுக்கு வருகிறது.