'கத்தி வாங்கிப்புடலாம்ங்க தம்பி... தீட்டறது யாருங்க?' - முதல் சவரக்கத்தி வாங்க நினைப்பவர்களுக்கு!

சில மாதங்களாக இன்ஸ்டாகிராம் என்னை விடாமல் துரத்துவது சவரக்கத்தி வீடியோக்களோடுதான். மடக்கிய கத்தியை ஒரு விரலால் திறக்கிறார்கள். தோல் வாரில் 'சரக் சரக்' என்று தீட்டுகிறார்கள். நுரைக்கு நடுவே பாதை போட்டதுபோலக் கன்னம் பளிச்சென்று தெரிகிறது. மொத்தமே முப்பது விநாடி. பார்த்து முடித்த கையோடு ஆன்லைனில் விலை தேடாத ஆண் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நானும் தேடினேன். சில நூறு ரூபாய்க்கும் கத்தி இருக்கிறது, பத்தாயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னுகின்றன.

இதில் முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. இன்று சலூனில் நம் கன்னத்தில் ஓடுவது சவரக்கத்தியே அல்ல. கத்தி வடிவத்தில் இருக்கும் பிளேடு பிடி. பிளேடை உறையோடு வளைத்து 'டக்'கென்று இரண்டாக ஒடித்து, பாதியை அதில் செருகுகிறார்கள். வேலை முடிந்தால் பிளேடு குப்பைக்குப் போய்விடும். அசல் சவரக்கத்தியில் மாற்றுவதற்கு எதுவும் கிடையாது. அந்த இரும்பேதான் கூர். அது மழுங்கினால் தீட்ட வேண்டும், தீட்டினால் தலைமுறை தாண்டியும் வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை பிளேடு பிடிகள்தான். அசல் மாதிரியே செய்யப்பட்ட மலிவுக் கத்திகளும் உண்டு. அவை கூரே இல்லாமல் வந்து சேரும்.

"இதையெல்லாம் போன்ல பார்த்துட்டு இருக்கிறதுக்கு, நம்ம ஊர்லயே ஒருத்தர் இருக்காரு, போய்க் கேளு" என்றார் அப்பா. ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர். அவர் சொன்ன பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. கடை இப்போது மகன் கையில் இருக்கிறது. ஏ.சி., சுழல் நாற்காலி, ஃபேஷியல் விலைப்பட்டியல் எல்லாம் உண்டு. பெரியவர் வீட்டுத் திண்ணையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அஞ்சு ரூவா பிளேடு இருக்கறப்ப இந்தத் தொல்லை உங்களுக்கு எதுக்குங்க தம்பி?"

பிறகு உள்ளே போய் அடைப்பத்தை எடுத்து வந்தார். நாவிதர்களின் கருவிப்பைக்கு அதுதான் பெயர். உள்ளே ஒரு கிண்ணி, கத்தரி, நகம் வெட்டும் சிற்றுளி, நடுவில் குழிந்துபோன தீட்டுக்கல், படிகாரக் கட்டி, இரண்டு கத்திகள். ஒரு கத்தியின் வாலில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பெயர் பாதி தேய்ந்து தெரிந்தது. புதிதில் ஒரு விரல் அகலம் இருந்ததாம். தீட்டித் தீட்டி இப்போது பென்சில் அகலத்துக்கு வந்திருக்கிறது.

"இதை எப்பங்க ஐயா நிறுத்தினீங்க?"

"எய்ட்ஸ் வந்தப்ப."

இந்தப் பதில் நாமக்கல்காரர்களுக்குப் புரியும். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில். அதன்பின் தமிழ்நாட்டில் பாதிப்பு அதிகமாகப் பதிவான மாவட்டங்களில் லாரித் தொழிலை நம்பிய நாமக்கல்லும் ஒன்று. தொண்ணூறுகளில் சலூனுக்குள் வந்தவர்கள் உட்காரும் முன்பே 'புது பிளேடுதானே?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். சவரத்தால் எச்.ஐ.வி. பரவுவது மிக மிக அரிது என்றாலும், அந்தப் பயம் செய்தது நல்ல காரியம் என்பேன். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். ஒரே கத்தி பத்துப் பேர் முகத்தில் ஓடக் கூடாதுதான். நீங்கள் வாங்கும் கத்திக்கும் இதே விதி. அப்பா, தம்பி, ரூம்மேட் யாருக்கும் இரவல் கிடையாது.

பேச்சினிடையே ஒன்றைக் கவனித்தேன். என்னைவிட ஐம்பது வயது மூத்தவர், என்னை 'வாங்க போங்க' என்றே பேசினார். 'நீன்னு சொல்லுங்கய்யா' என்று இரண்டு முறை கேட்டும் மாறவில்லை. எங்கள் தாத்தா இவரை 'வாடா' என்றுதான் கூப்பிடுவாராம். கூலி வருஷத்துக்கு ஒருமுறை, களத்துமேட்டில் அளந்து போடும் சோளம். இதே கொங்குப் பக்கத்தில் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர்தான். கம்பர் எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டு அது. மணமேடைக்கு அவர் குரல் வேண்டும். பந்தலுக்கு வெளியே வந்தால் 'வாடா'. ரீல்ஸில் 'ஜென்டில்மேன் அடையாளம்' என்று விற்கப்படும் கத்தியை, இங்கே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கு ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். மகன் அந்த அடைப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, கத்திக்கு வருவோம். "எவர்சில்வர்ல வாங்கட்டுமா, துரு பிடிக்காதில்ல?" என்று கேட்டேன். சேலத்துக்காரப் புத்தி! 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய உருக்காலையின் பெயரைச் சொல்லித்தானே ஊர் ஊராகப் பாத்திரம் விற்கிறார்கள். ஆனால், டம்ளருக்குப் போகும் எவர்சில்வரைக் காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. அதில் கூர் நிற்காது. சவரக்கத்திக்குக் கார்பன் கூடிய எஃகு வேண்டும். கத்திக்கென்றே துருப்பிடிக்காத எஃகு வகைகளும் உண்டு. ஆனால், கார்பன் எஃகு கல்லில் எளிதாகத் தீட்டப்படும் என்பதால் புதியவர்களுக்கு அதுவே நல்லது. துருவுக்கு வைத்தியம் எளிது. துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பாத்ரூமுக்கு வெளியே வைத்தால் போதும்.

எஃகுக்கும் எங்கள் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. சேலம் கஞ்சமலை இரும்புத் தாது பேர் பெற்றது. சேலம் பகுதித் தாதுவை நம்பி 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், 1839-ல் மாங்கனீஸ் சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகு ஆலைகள் அதைப் பயன்படுத்திச் சம்பாதித்தன. ஷெஃபீல்டு அன்று கத்திக்குப் பேர்போன ஊர். ஹீத்தின் காலம் வழக்கு நடத்தியே போனது. தென்னிந்திய உருக்கின் ரகசியம் தேடி மைக்கேல் ஃபாரடேவும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த கலப்பு எஃகில் சவரக்கத்திகளும் உருவாயின. ஆமாம், மின்சாரப் பாடத்தில் வரும் அதே ஃபாரடே!

அளவைப் பொறுத்தவரை பெரியவரும் வெளிநாட்டுக் கையேடுகளும் ஒரே கட்சி. முதுகிலிருந்து வாய் வரை அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும். அதற்கு மேல் போனால் மூக்குக்குக் கீழே திருப்ப இடமில்லை. முனை வட்டமாக இருக்கட்டும். சதுர முனை பார்க்க கெத்து, காது மடலுக்கு ஆபத்து. பக்கங்கள் ஓரளவு குழிந்திருப்பது நல்லது. காகிதம்போல மெலிந்த முழுக்குழிவுக் கத்தி புதுக் கைக்கு அடங்காது. கைப்பிடி மாட்டுக்கொம்பா, பிளாஸ்டிக்கா என்பதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம். பழைய கத்தி கிடைத்தால் வாயோரம் துருக்குழி இருக்கிறதா, முதுகு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் கேட்டு போனில் டைப் செய்துகொண்டிருந்தபோதுதான் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "கத்தி வாங்கிப்புடலாம்ங்க தம்பி. தீட்டறது யாருங்க?"

கேள்வி நியாயமானது. பெட்டியிலிருந்து எடுத்ததும் சவரம் செய்யும் கூரோடு எல்லாக் கத்தியும் வருவதில்லை. 'கல்லில் தீட்டி, சவரத்துக்குத் தயாராக அனுப்புகிறோம்' என்று விற்பவர் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். அடுத்து தோல் வார். அது இல்லாமல் கத்தி வாங்குவது சக்கரம் இல்லாத வண்டி. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் முப்பது நாற்பது தடவை, முதுகு முன்னால் போக வாரில் இழுத்து, திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாய் முன்னால் போனால் வார் கிழியும். அப்படியும் சில மாதங்களில் கூர் இறங்கிவிடும். அப்போது கல் வேண்டும். ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம் என்று படிப்படியாக நுண்மை ஏறும் கற்கள். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருந்தால் கோணம் தானே அமையும். தெருவில் சைக்கிள் சக்கரம் சுற்றி அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்கிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சக்கரத்தின் சூட்டில் எஃகின் பதமே போய்விடும்.

"எம்பட மகனுக்குத் தீட்டத் தெரியாதுங்க. அவனுக்குத் தேவையும் இல்லீங்க" என்றார் பெரியவர், வருத்தம் எதுவும் காட்டாமல். அக்கம்பக்கத்து ஊர்களில் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்களாம். இப்போது இவர் மட்டும்தான். ஆன்லைனில் வார், கல், கத்தி எல்லாம் வந்துவிடும். கல்லில் எவ்வளவு அழுத்துவது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துச் சொல்ல ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். உங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கலாம். கத்திக்கு ஆர்டர் போடும் முன் அவரைத் தேடுங்கள். சொல்லிக்கொடுப்பதற்குக் காசு கொடுங்கள், சோளம் அல்ல.

நான் 5/8 அளவில், வட்ட முனையோடு, கார்பன் எஃகில் ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் முதல் இரண்டு வாரம் கன்னம் மட்டும்தான், தாடையும் மேலுதடும் பழைய ரேசரில் என்பது பெரியவர் உத்தரவு. ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, கத்தி முப்பது டிகிரி சாய்வில், தன் எடையிலேயே இறங்க வேண்டுமாம்.

கற்கள் முன்னாடியே வந்துவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தூக்கிக்கொண்டு அதே திண்ணைக்குப் போனேன். கத்தி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை அவர். இரண்டு கற்களை நனைத்து, ஒன்றோடொன்று உரசிச் சமமாக்கச் சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் உரசினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னம் நடுவுல பள்ளம் இருக்குதுங்க" என்றார்.