பரதேசியின் ஞாயிற்றுக்கிழமை

என் அக்காள் பிள்ளை இத்தாலி தேசத்தில் ஜெனோவா என்கிற துறைமுகப் பட்டணத்தில் இருக்கிறான். கப்பல்களைச் செப்பனிடும் ஓரிடத்தில் உத்தியோகம். போய் மூன்று வருஷமாகிறது. மாதத்துக்கு ஒரு முறையாவது எனக்கு நீளமாகக் கடிதம் எழுதுவான். தபாலில் வருகிற கடிதம் அல்ல, கைப்பேசியில் வருவதுதான். ஆனாலும் 'அன்புள்ள மாமாவுக்கு, நமஸ்காரம்' என்று ஆரம்பித்து, எல்லாருடைய க்ஷேமத்தையும் விசாரித்து முடிக்கிற வழக்கத்தை அவன் விடவில்லை. அவன் பாட்டி பழக்கிவைத்தது.

அந்தக் கடிதங்களில் உத்தியோகத்தைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் இராது. மீதியெல்லாம் சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமையும்தான். ஜெனோவாக்காரர்கள் காலையில் ஃபொக்காச்சா என்று ஒரு தட்டை ரொட்டி தின்கிறார்களாம். ஆலிவ் எண்ணெயும் உப்புமாக இருக்கிற அதைப் பால் விட்ட காப்பியில் தோய்த்துத் தின்பார்களாம். 'முதலில் பார்த்தபோது வயிற்றைப் புரட்டியது மாமா. இப்போது அது இல்லாவிட்டால் பொழுது விடிந்ததாகத் தோன்றவில்லை' என்று எழுதியிருந்தான். மத்தியானம் சின்னக் கடைகளையெல்லாம் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். பழைய ஊர்ச் சந்துகளில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலே மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி உலர்த்தியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு ரயிலைப் பிடித்துக் கடலோரமாகவே எங்காவது போய்விடுவான். கமோலி என்கிற செம்படவர் ஊருக்கு மட்டும் நாலைந்து தடவை போயிருக்கிறான். அங்கே கரையோரத்து வீடுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வர்ணம். கடலிலிருந்து திரும்புகிறவன் தன் வீட்டைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வதற்காக என்று சொல்லுவார்களாம். ஊரின் பெயருக்கே 'மனைவிமார் வீடு' என்று ஓர் அர்த்தம் சொல்லுகிறார்களாம்; ஆண்கள் எல்லாரும் கப்பலில் போய்விட, பெண்கள் மட்டும் காத்திருந்த ஊர். அர்த்தம் சரியோ தப்போ, படித்துவிட்டு நான் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திருவாரூரில் காத்திருக்கிற என் அக்காவின் ஞாபகம் வந்தது.

அந்த வாரமே அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள்.

"நீ சொன்னாத்தாண்டா அவன் கேட்பான். ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துடறேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிக் கொடு. எனக்கு அது போதும்."

"சரி அக்கா, எழுதறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. காரணம் இருக்கிறது. நானும் ஒரு பரதேசி. நானும் ஒரு வார்த்தை கொடுத்தவன்.

பரதேசி என்றால் பிச்சைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு தேசத்திலிருந்து வந்தவன் என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் அர்த்தம். சோறு கிடைக்காமல் திண்டாடுகிறவன் என்ற அர்த்தம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அதுவும் அனுபவத்தில் பிறந்ததாகவே இருக்க வேண்டும். 2000-ஆம் வருஷம், கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக நான் திருவாரூரிலிருந்து ராயபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். இருநூறு மைல் கூட இல்லாத தூரம்தான். ஆனால் காவேரித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு ராயபுரம் ஒரு தனி தேசம். தண்ணீர் லாரியில் வந்தது. காற்றில் மீனும் டீசலும் கலந்த வாசனை வந்தது. பாஷை தமிழ்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நான் குடியிருக்கும் வீட்டுக்கு உடைமைக்காரி ஓர் ஆயா. மீன்பிடிக் குடும்பம். ராயப்பர் கோயிலுக்குத் தவறாமல் பூசைக்குப் போகிறவள். ராயப்பர் என்பது இராயப்பர், அதாவது பேதுரு. அவர் பெயரால்தான் அந்தப் பேட்டையே ராயபுரம் ஆயிற்று என்பதை எனக்கு முதலில் சொன்னது அவள்தான். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைச் சில வாரம் பார்த்தாள். ஒருநாள் வழிமறித்துக் கேட்டுவிட்டாள்.

"இன்னா தம்பி, ஞாயித்துக்கெழமயானா எங்கதான் பூட்றே?"

"எண்ணூருக்கு ஆயா."

"எண்ணூர்ல யாரு கீறாங்க ஒனக்கு?"

"யாரும் இல்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று..."

"ஐய! என் நாத்தனா வூடு அங்கதான் கீது. கல்யாணம், சாவுன்னா போவேன். சும்மா எதுக்குப் போவணும்?"

உள்ளூர்க்காரனுக்கும் பரதேசிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. உள்ளூர்க்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் உறவினர் வீடு. போக வீடு இல்லாதவன்தான் ஊர் பார்க்கப் போகிறான். ஜெனோவாவில் ஒருவன் கமோலிக்கு ரயில் ஏறுவதும், ராயபுரத்தில் ஒருவன் எண்ணூருக்கு ரயில் ஏறுவதும் ஒரே காரணத்தால்தான்.

அப்படியாக நான் ஏறி இறங்கிய இடங்கள் கொஞ்சமல்ல. முதலில் ராயபுரம் ஸ்டேஷனையே பார்த்தேன். 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். பிறகு எண்ணூர். கொற்றலையாறு கடலில் விழுகிற முகத்துவாரம். ஒரு காலத்தில் சென்னை வெள்ளைக்காரர்கள் ஓய்வுக்காக வந்து தங்கிப் படகு விட்டுக் களித்த இடம் அது. அவர்களும் பரதேசிகள்தானே! நான் போன காலத்தில் அங்கே அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் நின்றன. 1970-இல் ஆரம்பித்த அந்த நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். 2023 டிசம்பரில் புயல் மழையோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தபோது, படகுகளும் வலைகளும் கறுத்துக் கிடந்ததையும் போய்ப் பார்த்தேன். ஆயாவின் நாத்தனார் மகனுடைய படகும் அவற்றில் ஒன்று.

இன்னொரு ஞாயிறு பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனேன். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை இன்று மண்மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகளில் டச்சு எழுத்தில் பெயரும் தேதியும். அவர்களும் புறப்படும்போது வீட்டில் யாரிடமாவது 'இரண்டு வருஷம்' என்று சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பி வந்து இரவுச் சாப்பாட்டுக்குக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் அத்தோ சாப்பிடுவேன். 1962-க்குப் பிறகு பர்மாவை விட்டு வர நேர்ந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸோடு முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். அங்கே இருந்தவரை அவர்கள் இந்தியர்கள். இங்கே வந்த பிறகு பர்மாக்காரர்கள். பரதேசத்தில் இருந்துவிட்டுச் சொந்த தேசத்துக்கு வந்தும் பரதேசியாக முடியும் என்பதை அந்தக் கடைக்காரர் எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

2004 டிசம்பர் 26-ம் ஞாயிற்றுக்கிழமைதான். எண்ணூருக்குக் கிளம்பியவனை ஆயா காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். டம்ளரை வைப்பதற்குள் கரைப்பக்கத்திலிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். அன்று மாலை வரையில் ஆயா வீட்டு மாடியில் முப்பது பேர் இருந்தோம். மறுநாள்தான் திருவாரூருக்கு லைன் கிடைத்தது. நாகப்பட்டினத்தில் நடந்த கோரமெல்லாம் அதற்குள் அம்மாவின் காதுக்கு எட்டியிருந்தது.

"போதும்டா அந்தக் கடற்கரை. வந்துடு" என்று அழுதாள்.

"ரெண்டே வருஷம் அம்மா. சத்தியமா வந்துடறேன்" என்றேன்.

பரதேசிகளின் கணக்கில் இரண்டு வருஷம் என்பது ஒரு தனி அளவு. அது என்றைக்கும் இரண்டு வருஷமாகவே இருக்கும். சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. கதைகள் அச்சாகத் தொடங்கின. ஒவ்வொரு தீபாவளிக்கும் 'இன்னும் இரண்டு வருஷம்' என்றேன். அம்மா கேட்பதை நிறுத்திக்கொண்டாள். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அன்றுதான் சென்னையை மழை மூழ்கடித்தது. மறுநாள் ரயில் இல்லை, விமானம் இல்லை, தாம்பரத்துக்கு அப்பால் பஸ் போவதும் நிச்சயமில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்து, பால் தெளித்துவிட்டு வந்திருந்தார்கள். அத்தான்தான் கொள்ளி வைத்திருந்தார். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கையால்தான் மருமானுக்கு எழுத வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு திருவொற்றியூருக்குப் போனேன். இப்போது அங்கே மெட்ரோ ரயில் வந்துவிட்டது. தீப்பெட்டி ஆலையும் டயர் ஆலையும் மோட்டார் சைக்கிள் ஆலையுமாக ஊர் முழுவதும் வெளியூர்த் தொழிலாளிகளை வரவழைத்த ஊர் அது. ஆனால் அந்த ஊருக்குப் பரதேசிகள் வருவது ஆலைகளோடு ஆரம்பித்ததல்ல. தியாகராஜர் கோயிலில் மகிழ மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். பெரிய புராணக் கதை நேயர்களுக்குத் தெரியும். சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரிலிருந்து இங்கே வந்து, பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு மையல் கொண்டார். உன்னைப் பிரியமாட்டேன் என்று இந்த மகிழ மரத்தடியில்தான் சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்தது. திருவாரூர்த் திருவிழா ஞாபகம் வந்தது. பொறுக்க முடியவில்லை, கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் கிடைத்ததோ திருவாரூரில். சிறு வயதில் இந்தக் கதையை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது சத்தியம் தவறினால் கண் போகும் என்று மட்டும் விளங்கியது. இப்போது, அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சொந்த ஊரின் நினைவு என்பதும் விளங்குகிறது.

கோயிலை விட்டுக் கடலோரம் வந்தால் பட்டினத்தார் சமாதி. அவரும் காவேரிக் கரைக்காரர்தான், காவிரிப்பூம்பட்டினத்து வியாபாரி. எல்லாவற்றையும் துறந்தவர், தாய்க்குக் கொள்ளி வைக்க வருகிறேன் என்று சொன்ன ஒரு வார்த்தையைத் துறக்கவில்லை. எங்கோ திரிந்துகொண்டிருந்தவர் வேளைக்கு வந்து, பச்சை வாழைமட்டையை அடுக்கித் தாயைத் தகனம் செய்தார் என்று கதை. பிறகுதான் திருவொற்றியூரில் வந்து அடங்கினார். அந்தச் சமாதிக்குள் போக எனக்கு அன்று தைரியம் வரவில்லை. எதிரே பாறாங்கல் கொட்டிய கரையில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவன், ஏன் இங்கே மணலே இல்லை என்று கேட்டான். "துறைமுகம் கட்டியதால் வந்த வினை, தம்பி. கடலோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். துறைமுகத்துச் சுவர் அதை மறித்துவிட்டது. தெற்கே மெரினா அகலமாயிற்று. இங்கே கரை கரைந்தது. மெரினாவில் எல்லாரும் உலாவுகிறார்களே, அது எங்கள் மணல்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எங்கள் மணல்! இருபத்து நாலு வருஷமாக நான் இரண்டு வருஷத்துக்காகத் தங்கியிருக்கும் ஊரின் மணல்.

வீட்டுக்கு வந்து அன்று இரவே எழுதினேன். 'அம்மா உன்னிடம் ஒரு வார்த்தை வாங்கச் சொன்னாள். நான் வாங்கப் போவதில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. அங்கேயே இரு என்றும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் "இரண்டு வருஷம்" என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பொய்யை நான் உன் பாட்டியிடம் பதினோரு வருஷம் சொன்னேன். வருகிற தேதியை எழுது. நாலு நாளானாலும் சரி, டிக்கெட் வாங்கிவிட்டு எழுது. அவள் எண்ணிக்கொண்டிருப்பதற்கு ஒரு தேதி வேண்டும்.'

அக்காவிடமும் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா உன் தேதிக்காகத்தாண்டா காலண்டர் பார்த்துண்டிருப்பா" என்றாள். அவள் அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று. எனக்குத் திட்டு வாங்கியதுபோல் ஆறுதலாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஜெனோவாவிலிருந்து பதில் வந்தது. சாப்பாடு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஒரே வரி. பங்குனியில் ஆழித்தேருக்கு வருகிறான், டிக்கெட் வாங்கிவிட்டான், தேதி இன்னது.

ஆயாவிடம் சொன்னேன். நானும் தேருக்குப் போவதாகச் சொல்லி, "வருகிறாயா ஆயா?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். ராயபுரத்தை விட்டு எங்கும் சும்மா போகாதவள் ஆயிற்றே!

"அங்க ஒன் அக்கா வூடு கீதில்ல?" என்றாள்.

"இருக்கிறது."

"அப்ப வரேன்."

எழும்பூரிலிருந்து இரண்டு டிக்கெட்டாக எடுத்திருக்கிறேன்.